அடுப்பேறாத சூப்

வுனிதாவா, கந்தாவுத் தீவு
1998 பிப்ரவரி 9

அன்புள்ள கெலேரா மதினிக்கு,

உனாய்சி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். கோழிகளும் பன்றியும் கூரையும்கூட நலம். உங்கள் நலத்தை அறிய ஆவல், ஆனால் நீ பதில் போடுவாய் என்று நம்பி இதை எழுதவில்லை. போன மூன்று கப்பலிலும் உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. சுவா பட்டணத்தில் காகிதம் தீர்ந்துவிட்டதா, இல்லை சீமாட்டிக்குக் கை வலியா?

அண்ணன் காலில் ஆணி குத்திய புண் ஆறிவிட்டதா? சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? கப்பலில் மூட்டை தூக்கும் செமி வந்து சொல்கிறான்: "உங்க அண்ணனுக்கு வயிறெல்லாம் உள்ள போயிருச்சுக்கா. உங்க மதினி ஏதோ பச்சையா கரைச்சுக் குடுக்குதாம். ஆளு ஜம்முனு இருக்காரு." ஊருக்கே தெரிந்த பிறகுதான் கூடப்பிறந்தவளுக்குத் தெரிய வேண்டுமா?

நானும் அண்ணனும் நேருக்கு நேர் பேசி நாற்பது வருடம் ஆகிறது. பெரியவர்களாகிவிட்டால் அண்ணனும் தங்கையும் அப்படித்தான் இருக்க வேண்டும், அதுதான் மரியாதை. நான் அவருக்கு எழுத முடியாது, அவரும் எனக்கு எழுத மாட்டார். நடுவில் இருப்பது நீ ஒருத்திதான். அதனால்தான் இவ்வளவு கிராக்கி செய்கிறாய்.

ஆறு வருடத்துக்கு முன் உன்னைக் கட்டும்வரை முப்பது வருடம் அவருக்கு நான்தான் சமைத்துப் போட்டேன். பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன். பிடித்திருந்தால் வாயால் சொல்ல மாட்டார், கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன்.

அது என்ன பச்சை? உடனே எழுது. எப்போதும் போல இந்தக் கப்பலிலும் பேலே கீரை ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன்.

உன் நாத்தனார்
உனாய்சி

*

ரைவாங்கா, சுவா
1998 பிப்ரவரி 26

என் அருமை நாத்தனார் உனாய்சிக்கு,

உன் கடிதமும் கீரையும் வந்தன. கீரை கொஞ்சம் வாடியிருந்தது, கடிதம் வாடவே இல்லை. நாங்கள் இருவரும் சுகம். உன் பன்றியின் சுகத்தை முதலில் சொல்லிவிட்டு எங்களை விசாரித்ததற்கு நன்றி.

உன் அண்ணனுக்கு ஜனவரியில் சர்க்கரை பதினேழு இருந்தது, எட்டைத் தாண்டக் கூடாதாம். கிளினிக் நர்ஸ் அவரை வைத்துக்கொண்டே என்னைத் திட்டினாள்: "ரெண்டு வேளையும் மலை மாதிரி மரவள்ளியக் குவிச்சுப் போட்டுட்டு, புண்ணு ஆறலன்னு எங்கிட்ட வர்றீங்க. கால எடுக்கணும்னா அப்பவும் எங்கிட்டத்தான் வருவீங்க." மாத்திரையை விடக் கூடாது, சோற்றையும் கிழங்கையும் குறைக்க வேண்டும், சாப்பிடுமுன் பச்சைக் காய் கீரையில் சூப் குடித்தால் வயிறு பாதி நிறைந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தாள்.

அதை நான் என் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டேன். இளம் பேலே இலை, வெள்ளரிக்காய், கொத்தமல்லி, பாதி அவகாடோ, ஒரு துண்டு இஞ்சி, பச்சை மிளகாய், மூன்று பல் பூண்டு. எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு, தண்ணீர் விட்டு அரைத்து, எலுமிச்சை பிழிந்து, கொஞ்சமே உப்பு. அடுப்பில் ஏற்றக் கூடாது. பேலே வெண்டைக்காய் போல வழுவழுப்பு, எலுமிச்சை அதை முறித்துவிடும்.

காலையும் மாலையும் குடிக்கிறார். குடித்துவிட்டு, நீ மனசைத் தேற்றிக்கொள், கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறார்.

எங்கள் சபைப் பெண்கள் பன்னிரண்டு பேர் சனிக்கிழமைகளில் ஆளுக்கொரு கிண்ணத்தோடு கற்றுக்கொள்ள வருகிறார்கள். "கெலேரா சூப்" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

உன் மதினி
கெலேரா

*

வுனிதாவா
1998 மார்ச் 16

கெலேரா சூப்பின் சொந்தக்காரிக்கு,

இங்கே சுகம். அங்கே எல்லோருக்கும் சுகம் கிடைக்க ஜெபிக்கிறேன், முக்கியமாக உன் சமையலைச் சாப்பிடுகிறவருக்கு.

பச்சை இலையை அரைத்து ஒரு ஆண்பிள்ளைக்குக் கொடுக்கிறாயே, வீட்டில் விறகு இல்லையா? ஆட்டுக்குத்தான் இலையைப் பச்சையாகப் போடுவோம், அதற்குக்கூட அரைத்துப் போடுவதில்லை. அதில் பூண்டு வேறு! அந்த நாற்றம் எனக்கு ஆகவே ஆகாது. என் அடுக்களைக்குள் இதுநாள்வரை ஒரு பல் பூண்டு நுழைந்ததில்லை. நீ ஏழு வயதிலேயே சுவாவுக்குப் போய்விட்டவள், உனக்கு எங்கே தெரியப்போகிறது.

கிண்ணத்தைக் கவிழ்த்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். என் மீன் குழம்புக்குக்கூட வாரத்தில் இரண்டு நாள்தான் கவிழ்ப்பார். உன் பச்சைத் தண்ணீருக்குத் தினமும் இரண்டு வேளையா? பொய் சொல்கிறாய் என்று நினைத்துப் பார்த்தேன், அப்படி நினைத்தாலும் தூக்கம் வரவில்லை. எனக்குப் பொறாமை, கெலேரா. சுற்றி வளைப்பானேன்.

ஆனாலும் புண் எப்படி இருக்கிறது என்று எழுது. இந்த முறை கொழுந்து இலையாகக் கிள்ளி, ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். வாடியது என்று எழுதினால் பார்.

உனாய்சி

*

ரைவாங்கா, சுவா
1998 ஏப்ரல் 5

அன்பு நாத்தனாருக்கு,

இருவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி? இலை வாடவில்லை. போதுமா?

போன வாரம் சர்க்கரை ஒன்பது. புண் சுற்றிலும் காய்ந்து, நடுவில் சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கிறது. நர்ஸ் என்னிடம் மன்னிப்புக் கேட்காத குறை. இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்றாள்.

"என் வீட்டுக்காரரு மோந்து பாத்துட்டு ஜன்னல் வழியா ஊத்துறாரு, நீ மட்டும் எப்படிடி குடிக்க வச்ச?" என்று சபைப் பெண்கள் கேட்கிறார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். நீயும் கேட்காதே.

பூண்டை மட்டும் எடுக்க மாட்டேன். நீ எவ்வளவு திட்டினாலும் சரி. அந்தக் கிண்ணத்தில் என்னுடையது என்று இருப்பது அது ஒன்றுதான்.

கெலேரா

*

வுனிதாவா
1998 மே 18

அன்புள்ள மதினிக்கு,

சுகம். அன்னையர் ஞாயிறன்று கோவிலில் பாடினோம். உங்களுக்காகவும் ஜெபித்தேன்.

உன் போன கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது. கப்பல் வந்ததும் ஊர்ப் பெண்கள் கேட்கிறார்கள்: "அண்ணனுக்கு எப்படி இருக்கு உனாய்சி?" "நல்லாயிட்டாரு" என்கிறேன். "உங்க மதினி கைராசிதான்" என்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டுகிறேன்.

ஜூன் மூன்று அவர் பிறந்தநாள். இத்துடன் ஓலைக்கூடையில் வக்கலோலோ அனுப்புகிறேன். மரவள்ளியைத் துருவி, தேங்காய்ப்பால் விட்டு, இலையில் மடித்து வேகவைத்தது, இருபது மடிப்பு. சர்க்கரை பேருக்குத்தான் போட்டிருக்கிறேன். ஒன்று இரண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மிச்சத்தை உன் சூப்புப் பெண்களுக்குக் கொடு.

தங்கை கையால் செய்தது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடு.

உனாய்சி

*

வுனிதாவா
1998 ஜூன் 22

கெலேரா மதினிக்கு,

நலம், நலமறிய ஆவல். கூடை வந்து சேர்ந்ததா? மூன்று கப்பல் வந்து போய்விட்டது. கிண்ணத்தைக் கவிழ்த்தாரா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போவாய்?

உனாய்சி

*

வுனிதாவா
1998 ஜூலை 13

கெலேரா,

செமி இன்று காலை என் வாசலில் வந்து நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அக்கா, அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்காராம். பதினஞ்சு நாளாச்சாம்." அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். அவருக்கு என்ன?

உனாய்சி

*

ரைவாங்கா, சுவா
1998 ஜூலை 30

உனாய்சிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நேற்று அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வலது காலில் இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள்.

உன் கூடையை அவரே துறைமுகத்துக்குப் போய் வாங்கி வந்தார். நான் சொன்னேன்: "ஒண்ணு எடுத்துக்குங்க, மத்தத நான் குடுத்துடுறேன்." அவர் கூடையை மடியைவிட்டு இறக்கவில்லை. "தங்கச்சி அனுப்புனது," என்றார், அவ்வளவுதான். இரண்டு நாளில் இருபது மடிப்பையும் தின்று தீர்த்தார். ஒன்றை எனக்கு நீட்டக்கூட இல்லை. தங்கை கொடுத்ததை அண்ணன் மறுக்கக் கூடாது, மிச்சம் வைக்கக் கூடாது, அப்படித்தானே? அதற்குப் பிறகு ஆசை விடவில்லை. பழைய சாப்பாட்டுக்கே போய்விட்டார், மாத்திரையையும் மறந்தார். மூன்று வாரத்தில் சர்க்கரை இருபத்துநாலு. புண் கறுத்துவிட்டது.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். என் சூப்பை முதல் நான்கு நாளும் அவர் குடிக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே குரோட்டன் செடிக்கு ஊற்றினார். ஐந்தாம் நாள் எனக்கு வேறு வழி தெரியவில்லை. "உங்க தங்கச்சி சொல்லி அனுப்புச்சது, அது பக்குவம், அது அனுப்புன கீரை," என்று சொல்லி வைத்தேன். எடுத்துக் குடித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கிண்ணமும் உன் பெயரைச் சொல்லித்தான் வைத்தேன். நான் அரைத்தேன், நான் பிழிந்தேன், அவர் உனக்காகக் குடித்தார். நீ பொறாமை என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், பிறகு மிக்சியைக் கழுவிக்கொண்டே அழுதேன். ஆறு வருடமாக இந்த வீட்டில் நீ இல்லாமலே உட்கார்ந்திருக்கிறாய்.

இப்போது அவர் எதையும் குடிப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். செப்டம்பருக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் கணுக்கால்வரை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். உன் பெயரை மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வக்கலோலோவில் எவ்வளவு சர்க்கரை போட்டாய்?

கெலேரா

*

வுனிதாவா
1998 ஆகஸ்ட் 10

கெலேரா மதினிக்கு,

பேருக்குப் போட்டேன் என்று எழுதியது பொய். எப்போதும் போடுகிற அளவைப் போட்டேன். ருசி பார்த்தேன். உன் கிண்ணம் ஞாபகம் வந்தது. இன்னொரு மடங்கு போட்டேன். அவருக்கு ஆகாது என்று தெரியும். ஒரே ஒரு முறை என் கையை நினைத்து நாக்கைச் சப்புக்கொட்டட்டும், உன் பச்சைத் தண்ணீர் கசக்கட்டும் என்றுதான் போட்டேன். விரல் போகும் என்று நினைக்கவில்லை. அதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு வரக் கூடாது. என் முழங்கால் கப்பல் ஏறாது. அதனால் பாய் ஒன்று அனுப்புகிறேன். ஓரமெல்லாம் கம்பளி நூல் வைத்து, எனக்கென்று எடுத்து வைத்திருந்தது. என்னைக் கிடத்தும்போது கீழே போட வேண்டியது. அதை அவர் முன்னால் நீ விரி. விரித்துவிட்டு, என் வாயாக நின்று, இதை அப்படியே சொல்:

"உனாய்சி கையிலேருந்து இனிமே எதுவும் வராது. கெலேரா எதக் குடுக்குதோ அதத்தான் சாப்பிடணும். அது தன்னோடதுன்னு சொல்லித்தான் குடுக்கும். உனாய்சி வேண்டிக் கேட்டுக்குது."

தங்கையின் வேண்டுதலை அவர் தட்ட மாட்டார். என்னிடம் மிச்சமிருந்தது இது ஒன்றுதான், உனக்குக் கொடுத்துவிட்டேன்.

உனாய்சி

*

ரைவாங்கா, சுவா
1998 செப்டம்பர் 13

அன்பு நாத்தனாருக்கு,

நலமா? முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? நாங்கள் பிழைத்தோம். கணுக்காலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் வெள்ளிக்கிழமை சொன்னார். சர்க்கரை எட்டு.

பாயை விரித்தேன். நீ சொல்லச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் பொறுக்கவில்லை, நானும் என் குற்றத்தைச் சொல்லிவிட்டேன்: "அந்தச் சூப்பு மொதல்லேருந்து என்னோடதுதான். உங்க தங்கச்சி பேரச் சொல்லி உங்கள ஏமாத்திட்டேன்."

அவர் பாயின் ஓரத்து நூலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முப்பது வருசம் அது சமையலச் சாப்ட்டவன் நான். பூண்டக் கண்டாலே தூர ஓடும் அது. மொத வாயிலேயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குக் குடிச்சீங்க?"

"உனக்கு அது பேரு வாயில வர்றதே கஷ்டம். அதையே சொல்லிட்டு நிக்கிறியேன்னு பாத்தேன். என் காலு போயிடுமோன்னு எவ்வளவு பயந்திருப்ப. அதான் குடிச்சேன்."

கிண்ணத்தைக் கவிழ்த்ததெல்லாம் எனக்காம், உனாய்சி. நான்தான் அதை உன் கணக்கில் எழுதிக்கொண்டு ஐந்து மாதம் வெந்துகொண்டிருந்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப அந்த வக்கலோலோ? அதுல அவ்வளவு சர்க்கரைன்னு தெரியலையா?" என்று கேட்டேன்.

"அதுவும் மொத வாயிலேயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா இருபதையும் தின்னீங்க?"

"அது அப்படிச் சர்க்கரைய அள்ளிப் போடாது. போட்டிருக்குன்னா மனசு சரியில்லன்னு அர்த்தம். எங்கிட்ட வேற எப்படிச் சொல்லும்? திருப்பி அனுப்புனா அதுக்கு நான் என்ன பதில் சொன்ன மாதிரி ஆகும்?"

அதைக் கேட்டு எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது, மறைக்க மாட்டேன். எனக்காகச் சூப்புக் குடித்தார். உனக்காக இரண்டு விரல் கொடுத்திருக்கிறார்.

பாயைத் திருப்பி அனுப்புகிறேன். அது உனக்கு வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம்.

உன் மதினி
கெலேரா

*

வுனிதாவா
1998 அக்டோபர் 4

அன்புள்ள கெலேரா மதினிக்கு,

ஆண்டவர் கிருபையால், அவ்வளவு நலமில்லை. தீவைச் சுற்றி வரும் நர்ஸ் என் விரலைக் குத்திப் பார்த்தாள். பதிமூன்று. "உங்க குடும்பத்துல எல்லாருக்கும் இருக்கும்மா, வாயக் கட்டுங்க" என்றாள். மாத்திரை கொடுத்திருக்கிறாள். அண்ணனிடம் சொல்லாதே. சொன்னால் அவர் எதையாவது தின்று பதில் அனுப்புவார்.

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் மதினி? எனக்கு அது வேண்டாம். அவர் உன் கிண்ணத்தையே இன்னும் இருபது வருடம் கவிழ்க்கட்டும். நான் இங்கே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறேன், அது பழகிவிட்டது.

செமியிடம் சொல்லிக் கப்பல் கடையில் பூண்டு வாங்கினேன். "உங்களுக்கா அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான். மிக்சி இல்லை, கல்லில் வைத்து நசுக்கினேன். நீ எழுதிய எல்லாம் போட்டேன், மூன்று பல்லையும் குறைக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லிக் குடித்தேன்.

குடித்து முடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. நீ எழுதிக் கேட்டால் இல்லவே இல்லை என்பேன்.

உன் நாத்தனார்
உனாய்சி